வாறதுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

அம்மாவின் சேலையில் பெற்றோல் மணத்த காலம் ஒன்று இருந்தது. பின்னேரம் அம்மா படிப்பித்துவிட்டு வந்து, கைப்பையைக் கதிரையில் போட்டுவிட்டு, நேரே குசினிக்குள் போய்ச் செம்போடு தண்ணீர் குடிக்கும்போது, நான் பின்னால் போய் அந்தச் சேலைத் தலைப்பில் முகத்தை வைத்துக்கொள்வேன். பெற்றோலும் வெயிலும் சோக்குத் தூளும் கலந்த அந்த மணத்துக்கு ஈடாக எந்தப் பூவையும் நான் சொல்லமாட்டேன். அது மணந்தால் அம்மா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. போகுமுன் அம்மாவுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்கிவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பத்து வயதளவில், பட்டணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தூரத்துக் குச்சவெளிப் பக்கம் மாற்றம் வந்தது. காலையில் பாடசாலை மணி அடித்ததும் அதிபர் வரவுப் புத்தகத்தில் "சிவப்புக் கோடு" இழுத்துவிடுவார். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தி வந்தவர். கடற்கரை றோட்டால் போகிற பஸ்ஸோ தன்பாட்டுக்கு வருகிற பஸ், இடையில் நிலாவெளியில் யாரோடாவது கதைக்க நின்றால் நின்றதுதான். ஆகவே இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, அம்மா அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவது. மற்ற நாட்களில் நான் பெரியம்மா வீட்டில் இருப்பது. மற்றது, இரண்டாம் தவணை தொடங்குமுன் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் நல்ல பழைய பைக் ஒன்று கிடைப்பது. எதற்கும் இருக்கட்டும் என்று அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டி கீழே இறங்கியது, அம்மாவின் சேலைகள் சில அதற்குள் போயின. அந்தப் பெட்டி இருக்கிற பக்கமே நான் போகமாட்டேன்.

பைக் தேடும் பொறுப்பைத் தானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவர் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. சொந்தமாக அவர் ஒரு பைக்கும் வைத்திருந்ததில்லை, ஆனால் பைக்கைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. "சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்குச் சாதகம் சொல்லுவன் அக்கா" என்பார். போன இடத்தில் அம்மா செய்வது வேறு. முதலில் எஞ்சினில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், நாங்கள் வருமுன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் வராது என்று விளங்கிக்கொள்வார். பிறகு ஏறி இருந்து இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படுகிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் குனிந்து செயின் கவரைப் பார்ப்பார். ரீச்சர்மார் சேலையில்தான் போகவேண்டும். செயின் முழுதாக மூடியிராவிட்டால் என்றைக்கோ ஒருநாள் தலைப்பு அதற்குள் போகும், ஆளையும் இழுக்கும். பெடியன்கள் வடிவுக்காக அந்தக் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடித் திரிந்த காலம் அது. பார்த்த பைக்கெல்லாம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் விழுந்தது.

"அக்கா, நீங்க பைக்கோ பாக்கிறீங்க, மாப்பிள்ளையோ?" என்று மாமா களைத்துப்போய்க் கேட்டார்.

அப்போதுதான் அந்தச் சிவப்புப் பைக் வந்தது. பழைய வாகனங்கள் வாங்கி விற்கிற ஒருவரிடம் நின்றது. எஞ்சின் ஆறியிருந்தும் முதல் உதையிலேயே ஸ்டார்ட் வந்தது, கால் எட்டியது, செயின் கவரும் இருந்தது, பெயின்ற் பளபளத்தது. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்த விதத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாயிருந்தது. எங்கள் ஊரில் வாகனம் வாங்கினால் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றுவது வழக்கம். வாங்குமுன் ஓட்டிப் பார்க்க வசதியாக, அம்மா அந்த வழக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். "காசு தர முதல் ஒருக்காக் கோயிலுக்குக் கொண்டுபோட்டு வாறன்" என்றார். கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று யாருக்குத்தான் சொல்ல வாய் வரும்? நான் அம்மாவின் பின்னால் ஏறிக்கொண்டேன். விற்பவரும் மாமாவும் ஓட்டோவில் வந்தார்கள்.

கோயில் இருக்கிற கோட்டையின் வாசலைத் தாண்டி, கோயிலுக்குப் போகிற வழியில் நிழல் பார்த்துப் பைக்கை நிறுத்திவிட்டு, அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்கினார். அங்கே திரிகிற மான்கள் ஆட்களுக்குப் பயமில்லாதவை, வாழைப்பழத் தோலுக்குக் கைப்பைக்குள்ளும் தலையை விடும். அதில் ஒன்று வந்து பைக்கை முகர்ந்து பார்த்து, நக்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு வந்து சேர்ந்துகொண்டன. தட்டு விற்கிற பெண் கையெடுத்துக் கும்பிட்டு, "மான் வாய் வைச்சா யோகம் பிள்ளை" என்றார். மாமாவுக்குக் கண் கலங்கியேவிட்டது.

"கோணேசரே கையெழுத்து வைச்சிட்டார் அக்கா. இனி யோசிக்காதீங்க."

விற்பவரும் பயபக்தியோடு தலையாட்டினார். நானும் நம்பினேன், தகரப் பெட்டி திரும்ப மேலே ஏறிவிட்டது என்றே நினைத்தேன். அம்மா மட்டும் மான்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் முன்னுக்கு ஒண்டும் வாய் வைக்கேல்ல? எல்லாம் பின்னுக்கு அடியிலதானே நக்குது" என்றார் மெதுவாக.

மான்களை விலக்கிவிட்டு, சேலையைக் கூட்டிப் பிடித்துக் குந்தி, இருக்கைக்குக் கீழே பெயின்ற் எட்டாத மூலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு." சாவியால் அந்த இடத்தைச் சுரண்ட, சிவப்புப் பெயின்ற் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, அதற்குள்ளிருந்து துருப்பிடித்த இரும்பு பிட்டு மாதிரி வந்தது.

விற்பவர் நிலத்தைப் பார்த்தார். "மீன்பெட்டி கட்டி ஓடினதுதான் ரீச்சர். ஐஸ் தண்ணி கொஞ்சம் வடிஞ்சிருக்கும்."

அம்மா கோபிக்கவில்லை. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாங்கிய தட்டை வீணாக்காமல் உள்ளே போய் எங்கள் எல்லோருடைய பெயரிலும் அர்ச்சனை செய்தார். மாமா வெளியே நின்று மான்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

தவணை தொடங்கக் கிட்டியது. பெட்டிக்குள் தலையணை உறையும் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில், அம்மாவோடு படிப்பித்த ஒரு ரீச்சர் சொல்லி அனுப்ப, கிண்ணியாவிலிருந்து வயதான முஸ்லிம் நானா ஒருவர் தன் பைக்கைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். மங்கிப்போன பச்சை நிறம், கிழிந்த இருக்கையில் பொலித்தீன் சுற்றியிருந்தது. ஆனால் தாழ்வான உடம்பு. முன்னால் குறுக்கே பெற்றோல் தாங்கி இல்லாததால் சேலையோடு காலைத் தூக்காமல் ஏறலாம். செயின் தகரக் கவருக்குள் முழுதாக மூடிக் கிடந்தது. வயலுக்கும் மில்லுக்குமாகக் கந்தளாய் றோட்டில் காலமெல்லாம் ஓடியதாம், இப்போது அவருக்கு முழங்கால் விடுகுதில்லையாம்.

"இது ஓடாது புள்ள, நடக்கும்" என்று நானா சிரித்தார். "ஆனா நடுவழியில என்னய விட்டதில்ல."

எஞ்சின் ஆறட்டும் என்று சொல்லி, அம்மா அவரை மத்தியானம் வரை இருத்தினார். அதில் இன்னொரு எண்ணமும் இருந்தது. அந்த மாதங்களில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற கச்சான் காற்று மத்தியானத்துக்குப் பிறகுதான் மூர்க்கம் கொள்ளும், கடற்கரை றோட்டில் போகிறவர்களைப் பக்கத்திலிருந்து பிடித்துத் தள்ளும். பாடசாலை விட்டு வருகிற நேரமும் அதுதான். நானா பிளேன்ரீயோடு கதிரையில் சாய்ந்து, "போய் வாங்க, நான் இருக்கன்" என்றார்.

ஆறிய எஞ்சின் உதைத்ததும் ஸ்டார்ட் வந்தது. நிலாவெளியையும் தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியபோது கச்சான் எங்களை அடித்தது. நான் அம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பைக் ஒருதரம் அசைந்தது, பிறகு உறுமிக்கொண்டு நேரே போனது. பாலத்துக்கு அங்கால் நிறுத்தி, எஞ்சினை நூர்த்து, அந்தச் சூட்டோடு சூடாகத் திரும்ப உதைத்தார் அம்மா. வரவில்லை. இன்னொருதரம் உதைக்க வந்தது. ஹெல்மெட்டுக்குள் அம்மா சிரித்த சிரிப்பை நான் முதுகில் காது வைத்துக் கேட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி எனக்கு அம்மாவாக வாய்த்ததை நினைத்து அந்த வெயிலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாமாவுக்குத்தான் மனம் வரவில்லை. "இதில ஊர்ந்து எப்ப போய்ச் சேருவீங்க?"

"கொஞ்சம் முந்தி வெளிக்கிடுவன். போறதுக்கு எந்தப் பைக்கும் போகும் தம்பி. எனக்கு வாறதுக்குத்தான் வேணும்."

அன்று பின்னேரம் நானாவைக் கூட்டிப்போக அவருடைய மகன் ஓட்டோவில் வந்தார். சேலைகள் அலுமாரிக்குள் திரும்பின. அடுத்த நாள் பெட்டியை அறையில் காணவில்லை. அது தன் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் முழுக் கோப்பைச் சோறும் சாப்பிட்டேன். அதன் பிறகு வருடக்கணக்காக, மாரி மழையிலும் கச்சானிலும், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அந்தப் பைக்கின் முனகல் பிந்திக் கேட்டிருக்கிறதே தவிர, கேட்காத பின்னேரம் ஒன்று இருந்ததில்லை.

இப்போது அந்தச் சத்தம் இல்லை. அம்மா திரும்பப் பட்டணத்துக்கு மாற்றம் பெற்றதும் பைக் ஓர் இளம் ரீச்சரின் கைக்குப் போனது, பிறகு எங்கே போனதோ தெரியாது. இன்றைக்கு அதே றோட்டில் ரீச்சர்மார் வரிசையாக ஸ்கூட்டியில் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மாவும் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சேலைகளில் இப்போது வெறும் சவர்க்காரம்தான் மணக்கிறது.

போன கிழமை எனக்கு வெருகலில் வேலை கிடைத்தது. தூரம்தானே, அங்கேயே ஓர் அறை பார்த்துத் தங்கலாம் என்று முடிவெடுத்து, உடுப்பு அடுக்கக் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலே பழைய தலையணைகளுக்கு அடியில் அந்தத் தகரப் பெட்டியைத் தேடினேன். காணவில்லை.

"அது அங்க இல்ல" என்றார் அம்மா, கீழே நின்று. "பைக் வாங்கின அண்டைக்கே நானாவின்ர ஓட்டோவில ஏத்தி விட்டனான். வீட்டில கிடந்தா, ஒரு மழை நாளில எனக்கு மனம் மாறும் எண்டு."

நான் கதிரையிலிருந்து இறங்கினேன். சனிக்கிழமை நாங்கள் ஒரு பழைய பைக் பார்க்கப் போகிறோம், மாமாவும் வருகிறார்.