கைராசி

அப்பாவுக்குக் கைராசி என்று எங்கள் காலனியைத் தாண்டியும் பேர் இருந்தது. ஐயம்பேட்டைச் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுப் பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டும் பழுது பார்த்தார். ஊரெல்லாம் புது வண்டி பறக்கும்போது இதென்ன பிழைப்பு என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அதெல்லாம் அவர் காதில் ஏறாது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், காலமான தன் தகப்பனாரின் வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பல வருடம் கிளம்பாத வண்டி. "இதை ஓட வெச்சுட்டேன்னா, தெருமுனைல காலியா கெடக்கற என் ரூமை உன் கடைக்கே தந்துடறேன்" என்றார். கோயில் கூட்டம் முழுக்க நடக்கிற தெரு அது. அப்பா வண்டியைத் தொடுவதற்கு முன்பே போர்டில் என்ன எழுதலாம் என்று எங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

வண்டி ஓடியது. பெட்ரோல் டேங்கின் மேல் என்னை உட்கார வைத்து, அவரே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவந்தார். மறுநாளே கிளம்பவில்லை என்று ஆள் வந்தது. தள்ளிக்கொண்டு வந்து பிரித்தால், பொறி பிறக்கிற பாயின்ட்டில் ஈரம். துடைத்துக் காயவைத்து மறுபடி கொண்டுபோய் விட்டோம். மறுபடியும் நின்று கொட்டகைக்கே திரும்பி வந்தது. "கைராசின்னு சொன்னாளே, எல்லாம் வெறும் பேச்சு" என்று வாத்தியார் தெருவில் நின்று சொன்னதை, எங்கள் வாடிக்கையாளர் ஒருவரே அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா தரையில் உட்கார்ந்து பாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழையே இல்ல. தண்ணி எப்டி பூந்துது?"

எனக்குத் தெரியும். போன முறை அவர் வாத்தியார் வீட்டில் மறந்து வைத்துவிட்ட ஸ்பானர் பையை எடுக்கத் திரும்பிப்போனவள் நான்தானே. "அவங்க வண்டிக்கு அபிஷேகம் பண்ணிக்கினு இருந்தாங்கப்பா" என்றேன் பெருமையாக. "மாமி கொடத்தோட மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. ஹேண்டில், சீட்டு, இஞ்சின், நீ கை வெச்ச எடமெல்லாம் ஊத்துனாங்க."

அது பூஜை அல்ல, அப்பா தொட்ட தீட்டைக் கழுவுவது என்பது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வண்டியைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டு, வந்து எடுத்துக்கோ என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் கொளுத்தியிருப்பேன்.

அவர் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைத் தேடி எடுத்தார். பாயின்ட் மூடியின் அளவுக்கு வளையமாக வெட்டி, கிரீஸ் தடவி, ஒரு சொட்டும் நுழையாதபடி பொருத்தினார். பிறகு அவரே ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்து உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது.

"எதுக்குப்பா இது?"

"மழைக்கும்மா."

"வெயில் காலத்துல ஏதுப்பா மழ?"

"அந்த ஊட்ல மட்டும் பெய்யும்மா" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு அந்த வண்டி நிற்கவே இல்லை. "உன் கை ராசியான கைடாப்பா" என்று வாத்தியார் தெருவே கேட்கும்படி புகழ்ந்தார். அப்பா கும்பிட்டார். ரூமைப் பற்றி வாத்தியார் பேச்செடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. சில மாதத்தில் அங்கே ஜெராக்ஸ் கடை வந்தது. அப்பாவின் போர்டு எழுதப்படவே இல்லை.

நானோ பள்ளிக்கூடத்தில், எங்கப்பா ரிப்பேர் பண்ணின வண்டிக்கு அபிஷேகம் நடக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பஸ் அந்தத் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, வாத்தியார் வீட்டுக்கு மேலே மேகம் தெரிகிறதா என்று பார்த்தேன்.