பாக்கியலட்சுமி கொடுத்த புகார்

என் மனைவி பாக்கியலட்சுமிக்குப் பயம் என்பது பிறக்கும்போதே விட்டுப்போன சாமான். அந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்னவோ, எனக்கு அது இரண்டு பங்காக வாய்த்தது. துணிக்கடையில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த நான், ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் வீட்டுக்குள்கூட மெதுவாகத்தான் பேசுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் எங்கள் மகள் சீதாவுக்கு மலேரியா கண்டது. ஆறு வயது. நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில், எங்கள் தெருமுனையில் டாக்டர் கலியாணசுந்தரத்தின் கிளினிக் இருந்தது. டாக்டர் நல்லவர். உள்ளறையில் சீட்டு எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. மருந்தைக் கலக்கிக் கொடுப்பது டிரஸ்ஸர் கருணாகரன். டாக்டரை யார் பார்க்கலாம் என்பதிலும் அவன் வைத்ததுதான் சட்டம்.

இரண்டு புட்டி குடித்தும் சீதாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. மூன்றாவதைப் பாக்கியலட்சுமி தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இது கொய்னா மருந்தா? கசப்பே இல்ல, வெறும் தண்ணி! நல்ல மருந்த வெளியில வித்துட்டு நமக்குத் தண்ணி ஊத்துறான்."

"கத்தாத! அவன் ஜப்பான்காரனோட சிகரெட் குடிக்கிறவன். ஒரு வார்த்த சொன்னா போதும், என்னச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடிச்சிட்டுப் போயிருவானுங்க" என்றேன். அப்படிப் போன எவரும் எங்கள் தெருவுக்குத் திரும்பியிருக்கவில்லை.

"புள்ள போயிட்டா?" என்றாள்.

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவள் கிளினிக்கில் கேட்டதற்குக் கருணாகரன், "என்ன புகாரா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு, நான் டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றானாம். அவனைப் பற்றிய புகாரை அவனிடமே கொடுக்க வேண்டும்! என்ன நியாயம் பாருங்கள்.

அப்போது புட்டிக்குத் தட்டுப்பாடு. பழைய புட்டியைக் கழுவிக் கொண்டுபோனால்தான் மறு மருந்து. பாக்கியலட்சுமி எதிர்வீட்டு ரஹீமாவோடு இன்னும் ஆறு வீடு ஏறி இறங்கினாள். "புட்டியக் கழுவாதீங்க. கடைசி வேளை மருந்த அப்படியே வைங்க" என்றாள். மறுநாள் காலை டாக்டர் சைக்கிளை விட்டு இறங்கியபோது, கிளினிக் வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் புட்டியும் கையுமாக எட்டுப் பெண்கள். நான் தூண் ஓரமாக நின்றேன்.

"டாக்டர், கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்க" என்று அவள் புட்டியை நீட்டினாள்.

கருணாகரன் நோட்டும் பென்சிலுமாகக் குறுக்கே வந்தான். சீட்டில் குழந்தையின் பெயர் மட்டுமே இருந்தது. "பேரில்லாம புகார் கிடையாது. உன் வீட்டுக்காரன் பேரு என்னா? சொல்லு!"

"புருஷன் பேரச் சொல்றது எங்க வழக்கத்துல இல்ல. புகார் என்னோடது. பாக்கியலட்சுமின்னு எழுதிக்க."

கூட்டம் அதை நம்பியது. எனக்கல்லவா தெரியும்! கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படியொரு பத்தினி வேஷம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தூணை விட்டு முன்னால் போனேன்.

"பொன்னுதுரை. துணிக்கடைக் கிராணி. நல்லா எழுதிக்க" என்றேன்.

பின்னாலேயே ரஹீமா தன் பெயரைச் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். டாக்டர் எட்டுப் புட்டியையும் உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தார். கருணாகரனிடமிருந்து மருந்தறைச் சாவியை வாங்கிக்கொண்டார். அன்று முதல் மருந்தை அவரே கலக்கினார். ஐந்தாம் நாள் சீதா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

என்னைத் தேடி யாரும் வரவில்லை. வந்திருந்தால், பாக்கியலட்சுமியின் புருஷன் என்று நிமிர்ந்தே சயாம் லாரியில் ஏறியிருப்பேன். கால் நடுங்கியிருக்கும், அது வேறு விஷயம்.