வேட்டுப் போடாத கல்யாணம்

எங்கள் ஊர்க் கண்மாய்க் காவல்காரர் நெட்டையாக இருப்பார். கழுத்தை முன்னே நீட்டி நாரை மாதிரியேதான் நடப்பார். அடைகாக்கும் பறவைகள் கலைந்துவிடும் என்று கரையில் குசுகுசுவென்று பேசிப் பேசி, ஊருக்குள்ளும் அவருக்கு அதே குரல்தான்.

தை மாதம் என் கல்யாணம். அரிமளத்து மாப்பிள்ளை வீட்டார் வேட்டுப் போடக் கிளம்பியபோது, அவர் ஓடிவந்து அதே குரலில் சொன்னார்.

“வேட்டு வேண்டாங்க. கண்மாய்க்குள்ள பிள்ளைத்தாச்சிக இருக்காக. அதிர்ந்தா எல்லாம் போயிரும்.”

என் மாமியார் பதறிவிட்டார். “அடியாத்தீ! தண்ணிக்குள்ள எதுக்குக் கெடக்காளுக? வண்டியக் கட்டுங்க, மருத்துவச்சியக் கூட்டியாங்க!”

“தண்ணியில இல்லீங்க, கருவ மரத்துல. நத்தைகுத்தி நாரைக.”

பந்தலே சிரித்தது. “நாரைக்கு வளைகாப்பு எப்பங்க?” என்று மாப்பிள்ளையின் அண்ணன் கேட்டார்.

“முடிஞ்சிருச்சுங்க. இப்ப முட்டை,” என்றார், சிரிக்காமல்.

மாமியார் வேட்டை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். “பிள்ளைத்தாச்சின்னு சொல்லிப்புட்டாரே, இனி எப்படிப் போடுறது?”

மறு வருஷம் நான் பிள்ளைத்தாச்சியாகத் தாய்வீடு வந்தேன். கண்மாய்க் கரையில் என்னைக் கண்டதும் அவர் குரலை இன்னும் தாழ்த்தி, “மெதுவாப் போ ஆத்தா,” என்றார். என்னையும் நாரைகளோடு சேர்த்துவிட்டாரா என்று கேட்க அன்றைக்கு வெட்கமாக இருந்தது.