சைக்கிளை வளைவில் விட்டுவிட்டு நடந்தேன்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்ன கிளாக்கராக இருந்தேன். பதவிதான் சின்னது, ஆள் பெரியவன். நான் உட்கார வேண்டும் என்பதற்காகவே நாற்காலியின் கைப்பிடிகளைத் தச்சரைக் கூப்பிட்டு அறுத்து எடுத்திருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் எனக்குப் 'பீப்பாய் ஐயா' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சீனி வியாதி வந்தது. ஹட்டன் டாக்டர் பயமுறுத்தியதில் சோற்றைக் குறைத்தேன், பலகாரத்தை அடியோடு விட்டேன். ஒரு வருடம் போவதற்குள் பாதி ஆளாகிவிட்டேன். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, கண்ணாடியில் யாரோ ஒருவன் நின்றான். இளைத்தால் மட்டும் போதாது, காலும் மூச்சும் பலப்பட வேண்டும், தினமும் சைக்கிள் மிதியுங்கள் என்றார் டாக்டர். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

எங்கள் தோட்டத்தில் லயத்துப் பக்கம் சைக்கிள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தபால் நடந்து வரும், கங்காணி நடந்து வருவார், துரை காரில் வருவார். ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துபோய் ஆபீசுக்குப் போன் வந்தால் மட்டும்தான் அவசரமாகச் சைக்கிளில் ஆள் அனுப்புவார்கள். இது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் புது உடம்பும் சைக்கிளுமாகக் கிளம்பிய குஷியில் அது நினைவுக்கே வரவில்லை.

அன்று நல்ல பனிமூட்டம். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் முன்பே கம்பளித் தொப்பியும் மப்ளருமாகப் புறப்பட்டேன். ஏற்றத்தில் மிதித்து, இறக்கத்தில் விழாமல் தப்பி, மலைத் தண்ணீர் கொட்டும் கீழ் லயத்துப் பீலிக்கரைக்கு வந்தபோது நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று இறங்கினேன்.

பீலியில் ஒரு பெண் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தான். இளைத்த என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என் முகத்தையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா, ஆஸ்பத்திரியில இருந்தா வாறீங்க? அவருக்கு எப்படிங்க இருக்கு?"

எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தை வரவில்லை. கொஞ்சம் பொறு என்று சொல்வதற்காகக் கையை விரித்து அசைத்தேன்.

அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குடம் கீழே விழுந்தது. "என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களா!" என்று அலறி, இரண்டு கைகளையும் பீலிக் கல்லில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி வளையல்கள் நொறுங்கி மணிக்கட்டிலிருந்து ரத்தம் வடிந்தது. எனக்குப் பேச்சு வருவதற்குள் லயம் முழுக்க ஒப்பாரி. சாவுக்குத் தப்பு அடிக்கிறவரைக் கூப்பிட ஒருவர் ஓடியே போய்விட்டார்.

நான் தொப்பியைக் கழற்றி, நான்தான் கிளாக்கர், சும்மா சைக்கிள் மிதிக்க வந்தேன் என்று கத்தினேன். பக்குவமாகச் சொல்வதற்காக மழுப்புகிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு வழியில்லாமல் அவளையும் அவள் அண்ணனையும் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவன் விடவில்லை.

"எங்க புள்ள வளையல்?"

"பீலியில வழுக்கி விழுந்துட்டேங்க."

"பாத்து நடக்க மாட்டியா? போறப்ப புதுசா வாங்கிப் போட்டுக்க."

நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றுகொண்டேன். என்னையறியாமல் அழுதுவிட்டேன்.

திரும்பும்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இனிமே எங்க லயத்துப் பக்கம் வந்தா நடந்தே வாங்க. அந்தச் சைக்கிளப் பாத்தா எனக்கு உசுரே நின்னுரும்."

சரி என்றேன். அதன் பிறகு தினமும் லயத்துக்கு முந்தின வளைவில் சைக்கிளைச் சாத்திவிட்டு நடந்துதான் போவேன். இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருந்த அவன் நலத்தை அவளிடம் விசாரிப்பேன். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் தூரத்திலேயே அவள் முகம் தெளியும். ஆனால் லயத்துப் பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு வளையல் உடைத்தவள் என்று காதுபடவே பேசினார்கள்.

ஒரு நாள் காலை ஆபீசில் போன் மணி அடித்தது. பெரிய கிளாக்கர் பேசிவிட்டு வைத்தார். பிறகு, "காமாலைக்காரன் போயிட்டானாம். உங்ககிட்டத்தான் சைக்கிள் இருக்கே, போய்ச் சொல்லிட்டு வந்துருங்க" என்றார்.

மிதித்தேன். வளைவு வந்ததும் அவளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. இறங்கி, சைக்கிளை மண்மேட்டில் சாத்திவிட்டு நடந்தேன். அதுதான் மரியாதை என்று அப்போது தோன்றியது.

அவள் பீலியில்தான் நின்றாள். நடந்து வருகிற என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையில் புது வளையல்கள், பச்சை நிறம்.

"வாங்கய்யா. இன்னைக்கு நேரம் கழிச்சு நடக்க வந்துட்டீங்க போல?"

அன்று எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. ஆனாலும் பேச முடியவில்லை. என் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. அவள் அலறவில்லை. எனக்குப் பின்னால் எட்டி, வெறும் பாதையைப் பார்த்தாள்.

"சைக்கிளக் காணோமேய்யா?" என்றாள். "நடந்துதான வந்தீங்க?"

டாக்டர் சொன்னபடி என் உடம்பு தேறிவிட்டது. இந்த வயதிலும் ஏற்றம் ஏறுகிறேன். ஆனால் அந்தச் சைக்கிளில் நான் பிறகு ஏறவே இல்லை. அவளை இரண்டு தடவை விதவையாக்கிய மனிதன் நான் என்பதை எத்தனை தூரம் நடந்தாலும் மறக்க முடியவில்லை.