வெள்ளிக்கிழமை போட்ட ஊசி

ஊர்காவற்றுறையில் நான் அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியராக, இருந்த காலத்தில் பல் பிடுங்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அனலைதீவிலிருந்து புருஷனோடு வள்ளமேறி வந்த பெண்ணுக்குப் பல்லைச் சுற்றிய முரசுச் சதையில் விறைப்பு ஊசி போட்டேன். குறடு எடுத்துத் திரும்பினால், அவள் முகம் வெளுத்துத் தலை தொங்கிக் கிடக்கிறது.

நாடி விரலுக்குப் பிடிபடவில்லை. மருந்து கூடிவிட்டதா? அளவாகத்தானே எடுத்தேன்? கதிரையிலிருந்து இறக்கி நிலத்தில் கிடத்தினோம். கால்களை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் புருஷனை அதட்டினேன்.

“இருதய வருத்தம் இல்லையெண்டுதானே சொன்னனீர்?”

“ஓம் ஐயா, அதொண்டும் இல்லை. அவ இண்டைக்கு விரதம். ராத்திரி தொடக்கம் பச்சைத்தண்ணியும் வாயிலை வைக்கேல்லை.”

சற்றுப் பொறுத்து அவள் கண் திறந்தாள். சீனித்தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்க வைத்த பிறகே நாடி ஒழுங்காக ஓடியது. அன்று பல்லை நான் தொடவில்லை.

இருதயம், பழைய ஊசிகள், குடிக்கிற மருந்து என்று படித்த கேள்வி எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்டிருந்தேன். படலை திறந்து வருகிற எவரையும் நம் வீட்டில் முதலில் கேட்பது, சாப்பிட்டீரா என்று. அதை மட்டும் கேட்கவில்லை.