ஆறப் பொறுத்த கல்

கனமூலை ஊரில் சீமெந்துக் கல் செய்து விற்கும் சித்தி லெய்லா என்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்லில் மட்டும் கள்ளம் இல்லை. கணவர் மவுத்தான பிறகு அந்தக் கல்லை விற்றுத்தான் மகள் இல்மாவை ஆளாக்கினாள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் என்பது ஊர் வழக்கம். அந்த வீட்டுக்குப் போய்ச் சாம்பல் கல்லைப் போட்டாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

நிலக்கரி எரித்த சாம்பலைக் கலந்தால் சீமெந்து குறைவாகப் போதும். உலகத்தைச் சூடாக்கும் புகையில் சீமெந்துச் சூளைக்கும் பங்குண்டு என்று ஒரு பயிற்சியில் கேட்டு வந்தவள், "நம்மட பங்கையாவது கொறப்பம்" என்று தொடங்கினாள். ஒரே தொல்லை, அந்தக் கல் இறுக நாளெடுக்கும்.

இது தெரியாமல், இல்மாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வாப்பா நெய்னார் வந்தார். புத்தளத்தில் சீமெந்துக் கடை வைத்திருப்பவர். சாம்பல் என்றாலே முகம் சுளிப்பவர். போன வாரம் செய்து அடுக்கியிருந்த கல்லொன்றைத் தூக்கித் தரையில் போட்டார். இரண்டாகப் போயிற்று.

"இந்த ஊட்டுலயா என்ட மகன் இரிக்கிற? கல்ல மாத்துங்க தங்கச்சி, இல்லாட்டி இந்தப் பேச்சே வேணாம்."

அதுவரை சம்பந்தி என்று கூப்பிட்ட வாய் அது! சித்தி லெய்லா விடவில்லை; நானா என்று அண்ணன் முறை வைத்தே பதில் சொன்னாள்.

"அது பச்சக் கல்லு நானா. ஆக்கப் பொறுத்த நீங்க ஆறப் பொறுக்க மாட்டீங்களா? பெருநாளைக்குப் பொறகு வந்து போட்டுப் பாருங்க."

நோன்பு மாதம் முழுக்க அவள் கல்லுக்குச் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். இல்மா நோன்பு திறந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. தாய்க்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. மாற்றிவிடலாமா என்றுகூட ஒருநாள் நினைத்தாள்.

பெருநாள் கழிந்து நெய்னார் வந்தார். அதே அடுக்கிலிருந்து தானே ஒரு கல்லை உருவினார். நெஞ்சளவு தூக்கிப் போட்டார். தரைதான் பெயர்ந்தது. நம்பாமல் மறுபடியும் போட்டார். கல் அப்படியே கிடந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து இல்மாவின் குரல் வந்தது. சித்தி லெய்லா அப்படியே கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நெய்னார் மூன்றாம் முறையும் குனிந்தார்.

"போதும் நானா! தரைய யாரு பூசித் தாற?"

அவர் கல்லை மெதுவாக அடுக்கில் வைத்துக் கையைத் தட்டிக்கொண்டார்.

"நான் பூசித் தாறன். தேத்தண்ணி ஒண்டும் இல்லயா, சம்பந்தி?"