மாடி மேல ஒரு கூட்ஸ் இன்ஜின்

டீக்கடைக்குள்ள யாரு வந்தாலும் பெருமாள்ராஜ் அண்ணாச்சி ஒரு கண்ண மூடிக்கிட்டு, மறு கண்ணால தலையில இருந்து இடுப்பு வரைக்கும் அளக்காரு. ஒல்லியா, கழுத்து நீளமா இருந்தா, "நூத்தி எழுபது வருசத்துக்கு முந்தின மாடல்வே." தொந்தி முன்னால வந்து கழுத்து காணாமப் போயிருந்தா அவரு மூஞ்சியே மலந்துரும்: "இது கடைசி மாடல். எவ்ளோ சரக்கு குடுத்தாலும் இழுக்கும்." போன வாரம் இத வாங்கிக்கிட்டது ஒரு வக்கீலு. இன்னும் அண்ணாச்சிகிட்ட பேசல.

பாளையங்கோட்டையில கொத்தனார் அவரு. ரயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எங்க போனாலும் பஸ்சுதான். மாடித் தண்ணித் தொட்டிய உருவம் உருவமாக் கட்டுறதுல கில்லாடி: பந்து, தாமரை, கழுகு, ஒரு பல் டாக்டருக்குக் கடவாப்பல்லு. ஆனா மனசு பூரா நீராவி கூட்ஸ் இன்ஜின். போன்ல ஆயிரத்துக்கு மேல இன்ஜின் படம். பொண்டாட்டி படம் மூணு. எண்ணிப் பாத்துச் சொன்னது அந்தப் பொண்டாட்டி முத்துராணி அக்காவேதான்.

அந்தப் படத்தத் தள்ளித் தள்ளி அவரு பேசுனா நமக்கே புல்லரிச்சிரும். "மொதல்ல பாய்லர் நோஞ்சான், புகைபோக்கி பனைமரம். அடுப்பு சக்கரத்துக்கு நடுவுல ஒடுங்கிக் கெடக்கும். சரக்கு கூடக்கூட பாய்லர் வயிறு வைக்குது. மேல பாலம் இடிக்கும்லா? எதக் குறைப்பான்? புகைபோக்கிய! அடுப்பப் பின்னால தள்ளி அகலமாக்குதான், அதத் தாங்கத் தனிச் சக்கரம் போடுதான். பெரிய சக்கரம் வேகமா ஓடுறவனுக்கு. பாரம் இழுக்குறவனுக்குச் சின்னச் சக்கரம், நெறைய. எவனும் அழகுக்குச் செய்யலவே. அழகு தானா வந்து உக்காந்துட்டு."

இருபது வருசமா இன்ஜின் தொட்டி கேட்டு ஒருத்தரும் வரல. இந்த வருசம் வந்தாரு, மேலப்பாளையம் அலி அஸ்கர் பாய். அண்ணாச்சியோட ஒரே பெஞ்சுல படிச்சவரு, துபாயில இருந்து திரும்பி வீடு கட்டுதாரு. அண்ணாச்சிக்குச் சந்தோசத்துல மூணு நாள் சோறு எறங்கல. நாலாம் நாள் வேலை நடக்குற மாடிக்கு பாய் ஒரு மிட்டாய் டப்பாவோட வந்தாரு. மூடியில குண்டு இன்ஜின் படம், உச்சியில இம்மாம் பெரிய புகைபோக்கி.

"ஏலே பெருமாளு, இந்த மாதிரி வேணும். தெருமுனையில இருந்தே தெரியணும்."

"லே அலி, இந்த ஒடம்புக்கு இந்தக் கழுத்து வராதுலே. உன்னையே பாரு. துபாய்க்குப் போகும்போது ஒட்டகச்சிவிங்கி. இப்ப கழுத்து எங்கலே?"

படியில நின்ன பாய் வீட்டம்மா அலிமா பீவி சிரிச்ச சிரிப்புல, பாய்க்கு வந்துட்டு கோவம். "கழுத்து வச்சா இன்ஜின் கட்டு. இல்லன்னா நான் வேற கொத்தனாரப் பாக்கேன்."

அண்ணாச்சி எறங்கிப் போயி மணல் குமிச்சல் மேல உக்காந்துட்டாரு. இருபது வருசம்! வேற எவன் கட்டினாலும் சக்கரத்தையும் பெருசாக்கிருவான். உச்சி வெயில் வர வரைக்கும் இருந்துட்டு, பைய மேல ஏறுனாரு.

"கழுத்து உன்னுது. கீழ பூரா என்னுது. சக்கரத்தப் பத்தி நீ வாயத் தெறக்கப்படாது."

கட்டி முடிச்சாச்சு. ஒரு பக்கத்துக்கு இழுக்குற சக்கரம் நாலு, முன்னால குட்டியா ஒண்ணு, அடுப்புக்கு அடியில ஒண்ணு. பாய்லர் வயித்துக்குள்ள ரெண்டாயிரம் லிட்டர் தாமிரவருணித் தண்ணி. சத்தியமா, இப்பக் கெளம்பிரும் போல இருக்கு. உச்சியில மட்டும் ஆறடிக் குழாய், யானைத் தலையில தெருவிளக்கு நட்ட மாதிரி. பாய்க்கு அதுதான் பெருமை, வாரவுக போறவுகளுக்கெல்லாம் அதத்தான் காட்டுதாரு.

இப்பல்லாம் அந்த வழியா டவுன் பஸ்ல போகும்போது அண்ணாச்சி சண்டை போட்டாவது சன்னல் சீட்டப் புடிச்சிருதாரு. பாய் வீடு வந்ததும் ஒரு கண்ண மூடி, கைய நீட்டி, கட்டைவெரலால அந்தக் குழாய மட்டும் மறைச்சுக்கிடுதாரு. பஸ்சு நகர நகர வெரலும் கூடவே நகருது.